படிக்க ஒரு வேகம். எழுத ஒரு வேகம்! கம்ப்யூட்டர் தட்டுக்குள் நடப்பது என்ன?

குண்டலுபேட்டை ஒரு கூட்டு ரோடு ஊர். மைசூரில் இருந்து வரும் சாலை இங்கே இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பந்திப்பூர் காட்டு வழியாகக் கூடலூருக்கும் ஊட்டிக்கும் போகிறது. இன்னொன்று முத்தங்கா காட்டு வழியாகச் சுல்தான் பத்தேரிக்குப் போகிறது.

இந்த இரு காட்டுச் சாலைகளிலும் 2009-ம் ஆண்டு முதல் இரவு 9 மணியில் இருந்து காலை 6 மணி வரை வாகனப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. வனவிலங்குகளைக் காப்பதற்காகப் போட்ட தடை இது. எனவே, வேலை முடிந்து நீலகிரிப் பக்கம் ஊருக்குக் கிளம்புகிறவர்களுக்கு மாலை நேரம் முழுவதும் அவசர நேரம்தான்.

அந்த அவசரத்தில் கம்ப்யூட்டர் சென்டருக்குள் நுழைந்து, "சீக்கிரம் இதைக் காப்பி பண்ணிக் கொடுங்கள்" என்று பென் டிரைவை நீட்டுவோர் உண்டு. உள்ளே தங்கை கல்யாண வீடியோ இருக்கும். பிள்ளைகளின் சான்றிதழ் இருக்கும். நிலப் பத்திரத்தின் நகல் இருக்கும். காப்பி முடிந்ததோ இல்லையோ, பென் டிரைவைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்சைப் பிடிக்க ஓடுவார்கள்.

ஊரில் போய்த் திறந்து பார்த்தால் பைலின் பெயர் இருக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது.

இது யாருடைய குற்றம்? கடைக்காரர் குற்றமா? பென் டிரைவ் குற்றமா? பெரும்பாலும் இரண்டும் இல்லை. கம்ப்யூட்டர் ஒன்றைப் படிப்பதற்கும் எழுதுவதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளாததால் வரும் நஷ்டம் இது.

தாலுகா ஆபீசில்...

இந்த வித்தியாசம் புதிதல்ல. தாலுகா ஆபீசுக்குப் போய் வந்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்ததுதான்.

கர்நாடகத்தில் நிலப் பதிவேடுகள் 2000-ம் ஆண்டை ஒட்டி கம்ப்யூட்டருக்கு மாற்றப்பட்டன. "பூமி" என்பது திட்டத்தின் பெயர். வருவாய்த் துறையும் தேசியத் தகவலியல் மையமும் சேர்ந்து இதைச் செய்தன. அப்போது இருந்த 177 தாலுகாக்களிலும், குண்டலுபேட்டை உள்பட, கையால் எழுதும் பதிவேடு போய் கம்ப்யூட்டர் வந்தது. சுமார் 67 லட்சம் விவசாயிகளின் 2 கோடி பதிவுகள் இப்படி ஏற்றப்பட்டன.

அன்று 15 ரூபாய் கட்டினால் கவுண்ட்டரிலேயே பஹணி நகல் கையில் கிடைத்தது. சில நிமிட வேலை. ஆனால் அதே பஹணியில் பெயர் மாற்ற வேண்டும் என்றால்? மனு கொடுக்க வேண்டும். நோட்டீஸ் போடுவார்கள். ஆட்சேபம் சொல்ல அவகாசம் தருவார்கள். அதிகாரி பார்த்துச் சம்மதித்த பிறகுதான் புதிய பெயர் ஏறும்.

ஏன் இந்த வித்தியாசம்? பதிவேட்டைப் படிப்பதால் அதில் ஓர் எழுத்தும் அழியாது. நூறு பேர் படித்தாலும் அது அப்படியே இருக்கும். ஆனால் எழுதும்போது கை தவறினால் பழையதும் போகும். பக்கத்து வயல்காரர் பெயரும் கெட்டுப்போகும். அதனால்தான் எழுதும்போது நிதானம் தேவைப்படுகிறது.

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஹார்டு டிஸ்க்கும் இதே நியாயப்படிதான் வேலை செய்கிறது.

சுழலும் தட்டு

ஹார்டு டிஸ்க் என்பது ஓர் உலோகப் பெட்டி. உள்ளே பளபளப்பான வட்டத் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். அவை பம்பரம் போலச் சுழலும். தட்டின்மேல் காந்தப் பூச்சு பூசியிருக்கிறது. பழைய கிராமபோன் பெட்டியில் இருப்பது போல ஒரு கை உண்டு. அதன் நுனியில் "ஹெட்" என்னும் மிகச் சிறிய உறுப்பு இருக்கிறது. கிராமபோன் ஊசி தட்டில் உரசும். இது உரசாது. தலைமுடியின் பருமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு உயரத்தில், காற்று மெத்தையில் மிதக்கும்.

உலகின் முதல் ஹார்டு டிஸ்க் 1956-ம் ஆண்டில் அமெரிக்காவின் ஐ.பி.எம். கம்பெனியில் இருந்து வந்தது. அதில் 24 அங்குல அகலத் தட்டுகள் 50 இருந்தன. அத்தனையும் சேர்ந்து 50 லட்சம் எழுத்துகளைத்தான் தாங்கின. ஓர் இடத்தைத் தேடிப் பிடிக்கச் சராசரியாக 0.6 செகண்டு ஆனது.

இன்று கடையில் விற்கும் 2 டி.பி. டிஸ்க், அதைப்போலச் சுமார் 4 லட்சம் மடங்கு கொள்ளும். ஆனால் இடத்தைத் தேடிப் பிடிக்கும் வேகம் 50, 60 மடங்குதான் கூடியிருக்கிறது. கை ஆட வேண்டும், தட்டு சுழல வேண்டும் அல்லவா? இயந்திரத்தின் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு.

ஒரு மில்லி செகண்டு

மேஜைக் கம்ப்யூட்டரில் இருக்கும் பல டிஸ்க்குகள் நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றுகின்றன. அதாவது ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி செகண்டு. ஆயிரம் மில்லி செகண்டு சேர்ந்தால் ஒரு செகண்டு. வேண்டிய இடம் ஹெட்டுக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அது 4.2 மில்லி செகண்டு.

இத்துடன் கை நகரும் நேரமும் சேரும். இந்த வகை டிஸ்க்குகள் பலவற்றின் விவரச் சீட்டைப் பார்த்தால், படிப்பதற்குக் கை நகரும் நேரம் 8.5 மில்லி செகண்டு, எழுதுவதற்கு 9.5 மில்லி செகண்டு என்று போட்டிருப்பார்கள். ஒரே கை, ஒரே தூரம். பிறகு ஏன் ஒரு மில்லி செகண்டு அதிகம்?

ரெயில் ஸ்டேஷனை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி பிளாட்பாரத்தில் நுழைந்து வேகம் குறையும்போதே ஊர்ப் பெயர்ப் பலகையைப் படித்துவிடலாம். தவறாகப் படித்தாலும் நஷ்டம் இல்லை, மறுபடி பார்த்துக்கொள்ளலாம். ஆனால் பார்சல் மூட்டையை ஏற்ற வேண்டும் என்றால் வண்டி முழுதாக நிற்க வேண்டும். ஓடும் வண்டியில் மூட்டையை வீசினால் தண்டவாளத்தில் விழும்.

டிஸ்க்கின் கையும் ஓர் இடத்துக்கு வந்ததும் உடனே அசையாமல் நின்றுவிடாது. லேசாக அதிரும். அந்த அதிர்வு அடங்கும் முன்பே படிக்க ஆரம்பிக்கலாம். படித்தது சரியா என்று கணக்குப் பார்க்கும் வசதி டிஸ்க்கிலேயே இருக்கிறது. தவறு என்றால் அடுத்த சுற்றில் மீண்டும் படிக்கும்.

எழுதும்போது அப்படி முடியாது. ஓர் அங்குல அகலத்தில் லட்சக்கணக்கான தடங்கள் நெருக்கமாக இருக்கின்றன. ஹெட் மயிரிழை விலகினாலும் பக்கத்துத் தடத்தில் இருக்கும் இன்னொருவர் கணக்கு அழிந்துபோகும். அதனால் கை முழுதாக அடங்கும்வரை காத்திருந்துதான் எழுதும். அந்தக் காத்திருப்புதான் ஒரு மில்லி செகண்டு.

இதைக் கூட்டிப் பார்த்தால் ஒரு செகண்டில் 79 இடங்களில் படிக்க முடியும். 73 இடங்களில் எழுத முடியும். வித்தியாசம் பெரியதல்ல.

வரிசையாக ஓடினால் சமம்

ஒரு பெரிய வீடியோ பைல் போல, அடுத்தடுத்து ஒரே வரிசையில் இருப்பதைப் படித்தாலும் எழுதினாலும் வேகம் ஏறக்குறைய ஒன்றுதான். தட்டு ஒரே வேகத்தில்தானே சுற்றுகிறது! அப்போது செகண்டுக்கு 150 எம்.பி. அளவுக்குக்கூடப் போகும். தட்டின் வெளி ஓரத்தில் வேகம் அதிகம். உள் வட்டத்துக்கு வரவர ஏறக்குறைய பாதியாகக் குறையும். டிஸ்க் நிறைய நிறைய வேகம் குறைகிறது என்று சிலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் சின்னச் சின்னத் துண்டுகளாக அங்கங்கே சிதறிக் கிடந்தால் கதை வேறு. செகண்டுக்கு 79 துண்டு. ஒரு துண்டு 4 கே.பி. என்றால் மொத்தம் 316 கே.பி. மட்டுமே. 150 எம்.பி. எங்கே, 316 கே.பி. எங்கே! ஒரு வீடியோ சட்டென்று காப்பி ஆவதும், அதே அளவுள்ள பத்தாயிரம் சிறிய பைல்கள் இழுத்துக்கொண்டே இருப்பதும் இதனால்தான்.

பார்சல் ஆபீஸ் ரசீது

சில சமயம் படிப்பதைவிட எழுதுவது வேகமாக முடிவது போலத் தெரியும். இமைக்கும் நேரத்தில் "முடிந்தது" என்று வரும். இது எப்படி?

பார்சல் ஆபீசில் மூட்டையைக் கொடுத்தால் கிளார்க் எடை போட்டு உடனே ரசீது கொடுத்துவிடுகிறார். மூட்டை வண்டியில் ஏறிவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. அது இன்னும் கிடங்கில் இருக்கிறது. வண்டி வந்த பிறகு, போகும் ஊர் வாரியாகப் பிரித்து ஏற்றுவார்கள்.

டிஸ்க்கிலும் அப்படி ஒரு கிடங்கு உண்டு. "கேஷ்" என்று சொல்லப்படும் சிறிய நினைவகம் அது. 64 எம்.பி., 256 எம்.பி. என்று அளவு இருக்கும். எழுத வந்ததை முதலில் அதில் வாங்கி வைத்துக்கொண்டு "எழுதியாகிவிட்டது" என்று டிஸ்க் பதில் சொல்லிவிடும். பிறகு, கை அலையாமல் இருக்க வரிசைப்படுத்தி, தட்டில் எழுதும். கம்ப்யூட்டரும் தன் பங்குக்குத் தன் நினைவகத்தில் கொஞ்சம் தேக்கி வைக்கும்.

படிப்பதில் இந்த வித்தை பலிக்காது. கேட்ட பைல் தட்டில் இருந்து வந்தே ஆக வேண்டும். இல்லாததை "இந்தா" என்று கொடுக்க முடியாதே! கொஞ்சம் முன்பு படித்த பைலாக இருந்தால் மட்டும் நினைவகத்தில் இருந்து உடனே வரும்.

புது டிஸ்க்கை வாங்கி ஒரு சிறிய பைலை எழுதிப் பார்த்து, "அடேயப்பா, என்ன வேகம்!" என்று மகிழ்வது தவறு. அது கிடங்கின் வேகம். கிடங்கைவிடப் பல மடங்கு பெரிய பைலை எழுதினால்தான் தட்டின் உண்மையான வேகம் தெரியும்.

கரண்ட் போனால்?

ரசீது கொடுத்த பிறகு, வண்டி வருவதற்கு முன், கிடங்கில் தீப்பிடித்தால் என்ன ஆகும்? ரசீது கையில் இருக்கும், மூட்டை இருக்காது.

கரண்ட் போகும்போது நடப்பது இதுதான். நல்ல டிஸ்க், சுழலும் தட்டின் மிச்ச வேகத்தில் இருந்தே சக்தி எடுத்துக்கொண்டு, கையைப் பத்திரமான மூலைக்கு ஒதுக்கிவிடும். தட்டில் கீறல் விழாது. ஆனால் கேஷில் தங்கியிருந்த எழுத்து போனது போனதுதான்.

பாங்கி, ரிசர்வேஷன் ஆபீஸ் போன்ற இடங்களில் ஓடும் கணக்கு முறைகள் இதற்காகவே ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. ஒரு கணக்கை மாற்றும் முன், என்ன மாற்றப்போகிறோம் என்பதை முதலில் ஒரு நாட்குறிப்பில் எழுதும். அது கிடங்கில் அல்ல, தட்டிலேயே பதிந்துவிட்டது என்ற உறுதி வந்த பிறகே "சரி" என்று சொல்லும். இதனால் கொஞ்சம் தாமதம்தான். ஆனால் நடுவில் கரண்ட் போனாலும் நாட்குறிப்பைப் பார்த்துக் கணக்கைச் சீர்செய்துகொள்ளலாம்.

சாதாரணக் கடையில், வீட்டில், இந்தக் கட்டுப்பாடு எல்லா வேலைக்கும் கிடையாது. அங்கே யு.பி.எஸ். பெட்டிதான் காவல்.

கூரை ஓடு போல...

எழுதும் வேகத்தை உண்மையாகவே பாதிக்கும் ஒரு புதிய முறையும் வந்திருக்கிறது.

ஹெட்டில் எழுதும் பாகம் வேறு, படிக்கும் பாகம் வேறு. எழுதும் பாகம் ஒரு சிறிய மின்காந்தம். படிக்கும் பாகம், காந்தத்துக்கு ஏற்ப மின்தடை மாறும் மிக மெல்லிய ஏடு. 1988-ம் ஆண்டில் இந்த விளைவின் பெரிய வடிவத்தைக் கண்டுபிடித்த பிரான்சின் ஆல்பர்ட் பெர், ஜெர்மனியின் பீட்டர் குரூன்பெர்க் ஆகிய இருவரும் 2007-ல் பௌதிக நோபல் பரிசு பெற்றார்கள். இந்தக் கண்டுபிடிப்பால் மிகக் குறுகிய தடத்தைக்கூடப் படிக்க முடிந்தது. ஆனால் எழுதும் பாகத்தை அதே அளவுக்குக் குறுக்க முடியவில்லை.

அதனால் ஒரு யோசனை செய்தார்கள். அகலமாக எழுதுவது, அடுத்த தடத்தை முந்தைய தடத்தின்மேல் கொஞ்சம் ஏற்றி எழுதுவது. கூரையில் ஓடு வேய்வது போல! ஒவ்வொன்றிலும் வெளியே தெரியும் சிறு பட்டை படிக்கப் போதும். ஒரே தட்டில் அதிகம் கொள்ளும், விலையும் குறையும்.

கூரை வேலை தெரிந்தவர்களுக்கு இதன் சிக்கல் புரிந்திருக்கும். நடுவில் ஒரு ஓட்டை மாற்ற வேண்டும் என்றால், அதன்மேல் ஏறியிருக்கும் ஓடுகளையும் தூக்கி மறுபடி அடுக்க வேண்டும். இந்த வகை டிஸ்க்கிலும் ஒரு தடத்தைத் திருத்த, அடுத்தடுத்த தடங்களையும் படித்து வைத்துக்கொண்டு மறுபடி எழுத வேண்டும். படிக்கும் வேகம் மாறாது. எழுதும் வேகம், தொடர்ந்து எழுதும்போது, வெகுவாகச் சரிந்துவிடும்.

சில டிஸ்க்குகளில் இந்த முறை இருப்பதைச் சொல்லாமல் விற்கிறார்கள் என்று 2020-ம் ஆண்டில் பல நாடுகளில் புகார் கிளம்பியது. எந்தெந்த மாடல்கள் அப்படிப்பட்டவை என்பதை அதன் பிறகே கம்பெனிகள் வெளியிட்டன. சும்மா சேர்த்து வைக்க இந்த டிஸ்க் போதும். நாள் முழுவதும் எழுதித் திருத்தும் வேலைக்கு ஏற்றதல்ல. வாங்கும்போது "எஸ்.எம்.ஆர். முறையா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

சிலேட்டுப் பலகை

பென் டிரைவில் தட்டு இல்லை, கையும் இல்லை. ஆனாலும் அதில்தான் படிப்பதற்கும் எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் அதிகம்.

அது சிலேட்டுப் பலகை போன்றது. எழுதியதைப் படிப்பது சுலபம். புதிதாக எழுத வேண்டும் என்றால் முதலில் துடைக்க வேண்டும். அதிலும் ஓர் எழுத்தை மட்டும் துடைக்க முடியாது. பலகை முழுவதையும் துடைக்க வேண்டும். மிச்சம் இருக்க வேண்டியதை வேறு பலகைக்கு மாற்றி எழுத வேண்டும். உள்ளே இருக்கும் சில்லில் படிப்பதற்கு ஆகும் நேரத்தைப் போலப் பல மடங்கு எழுதுவதற்கும், அதையும்விடப் பல மடங்கு துடைப்பதற்கும் ஆகிறது. விலை மலிந்த பென் டிரைவில் இது நன்றாகத் தெரியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கல்யாண வீடியோ 20 ஜி.பி. என்று வைத்துக்கொள்வோம். செகண்டுக்கு 5 எம்.பி. எழுதும் பென் டிரைவில் அது ஏற 4,000 செகண்டு, அதாவது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதே பென் டிரைவ் செகண்டுக்கு 20 எம்.பி. படிக்கும் என்றால், ஊரில் போய் அதைக் கம்ப்யூட்டரில் இறக்க 17 நிமிடம் போதும். இறக்க ஆன நேரத்தை மனதில் வைத்துக்கொண்டு ஏற்ற வந்தால் பஸ் போய்விடும்!

செகண்டுக்கு 30 எம்.பி. எழுதும் டிரைவ் என்றால் இதே வேலை 11 நிமிடத்தில் முடியும். கடையில் அட்டைப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் படிக்கும் வேகம். எழுதும் வேகம் சிறிய எழுத்தில் இருக்கும். சிலவற்றில் இருக்கவே இருக்காது. அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

காப்பி ஓடும் கட்டம் திரையில் இருந்து மறையும்வரை பென் டிரைவைத் தொடாதீர்கள். மறைந்த பிறகும், "பத்திரமாக வெளியே எடு" என்ற கட்டளையைக் கடைக்காரரைக் கொடுக்கச் சொல்லுங்கள். கிடங்கில் மிச்சம் இருப்பதை எல்லாம் ஏற்றி முடி என்பதுதான் அந்தக் கட்டளையின் அர்த்தம். 2018-ல் வந்த விண்டோஸ் 10 திருத்தம் முதல், வெளியில் செருகும் டிரைவ்களுக்கு இப்படித் தேக்கி வைப்பதைக் கம்ப்யூட்டர் தானாகவே தவிர்க்கிறது. என்றாலும் பல கடைகளில் ஓடும் பழைய கம்ப்யூட்டர்களை நம்பி இருக்க முடியாது. டிரைவில் விளக்கு இருந்தால் அது மினுக்குவது நின்றதா என்றும் பாருங்கள்.

அடுத்து, எடுத்த பென் டிரைவை மறுபடி செருகி, இரண்டு மூன்று பைல்களைத் திறந்து பாருங்கள். எழுதிய உடனே, செருகியபடியே திறந்தால், கம்ப்யூட்டர் தன் நினைவகத்தில் இருப்பதையே காட்டி ஏமாற்றலாம். எடுத்துச் செருகினால்தான் உண்மையில் பதிந்திருப்பது தெரியும். வீடியோவாக இருந்தால் கடைசிப் பகுதியை ஓட்டிப் பார்ப்பது நல்லது. பாதியில் நின்ற காப்பி அங்கேதான் அகப்படும்.

ஆயிரக்கணக்கான போட்டோக்கள் இருந்தால், எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஒரு பைலாக்கித் தரச் சொல்லுங்கள். நேரம் மிச்சமாகும்.

பத்திரம், சான்றிதழ் போன்றவற்றை ஒரே டிரைவில் மட்டும் வைத்திருக்காதீர்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வேலை பார்க்கும் ஊரிலும் ஒன்றைச் சொந்த ஊரிலும் வையுங்கள். படிக்கப் பல பேர் வந்தாலும் டிஸ்க் தாங்கும். எழுதும்போது ஒரு தடவை தவறினால், திரும்பிப் பார்க்க இன்னொரு பிரதி இருந்தால்தான் பிழைக்கலாம்.